முயலின் குடலில் கண்ட உண்மை

வாந்திபேதி என்னும் பெயரை உரக்கச் சொல்லவும் பெரியவர்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. காலையில் ஏர் பூட்டிச் சென்றவனை மாலையில் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும்படி, அவ்வளவு விரைவில் உயிரைக் கொண்டுபோகும் நோய் அது. வங்காளத்தில் ஓலாதேவி என்றும் ஓலா பீபி என்றும் அந்நோய்க்கு ஒரு தேவதையையே ஏற்படுத்தி, ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கினார்கள். கங்கை பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழும் அந்தச் சதுப்பு நிலமே நோயின் தாய்வீடு. 1817-ம் வருஷத்தில் ஜெஸ்ஸூர் பக்கத்தில் மூண்ட காலரா, கப்பல்களோடும் பட்டாளங்களோடும் பிரயாணம் செய்து தேசங்கள் பலவற்றைக் கலக்கிற்று. பின்னர் வந்த அலைகளில் மாஸ்கோவும் பாரிஸும் லண்டனும் நியூயார்க்கும் அதற்குத் தப்பவில்லை.

இந்நோயை ஆராய்ந்தவர்கள் என்று சொன்னால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் யாவர்? 1854-ல் லண்டன் பிராடு வீதியில் ஒரு குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்து, நோய் தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய ஜான் ஸ்நோ. நோய்க்கிருமியை நிலைநாட்டிய ஜெர்மானியர் ராபர்ட் காக். இவர்களுடைய பெயர்களை எந்த மாணவனும் அறிவான். ஆனால் அக்கிருமி எவ்வாறு மனிதனைக் கொல்லுகிறது என்று கண்டு சொன்னவர் கல்கத்தாவில் ஒரு வைத்தியக் கலாசாலை ஆசிரியர். நம் தேசத்தில் பிறந்து, நம் தேசத்திலேயே பணியாற்றி மடிந்தவர். சம்புநாத் தே என்று அவர் பெயரைச் சொன்னால் மாணவர்கள் விழிக்கின்றனர். கற்பிக்கும் நம்மிற் பலருக்குமே அது புதிய பெயர்தான். ஆகவே அவர் செய்த காரியத்தை நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

காக் விட்டுச் சென்ற கேள்வி

1883-ம் வருஷத்தில் எகிப்து தேசத்தில் காலரா தோன்றியபோது, ஜெர்மன் அரசாங்கம் காக்கை அங்கே அனுப்பிற்று. அங்கு நோய் தணிந்துவிடவே, அவர் அதைத் தேடிக் கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தார். 1884-ன் தொடக்கத்தில், காற்புள்ளி போல வளைந்த ஒரு சிறு கிருமியே நோய்க்குக் காரணம் என்று உலகத்துக்கு அறிவித்தார். நோயாளிகளின் குடலிலும், அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் அக்கிருமி அவருக்கு அகப்பட்டது.

கிருமி அகப்பட்டது, ஆயினும் ஒரு பெரும் புதிர் எஞ்சி நின்றது. காலரா கிருமி ரத்தத்தில் புகுவதில்லை. குடலின் உட்புறத்திலேயே தங்கிவிடுகிறது. அங்ஙனம் இருந்துகொண்டே, கழுநீர் போன்ற பேதியாக, கடுமையான நோயாளியிடமிருந்து மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கும் நீரை வெளியேற்றிவிடுகிறது. உடம்பு வற்றிச் சுருங்கி, கண்கள் குழி விழுந்து, நாடி ஒடுங்கிப்போகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது? கிருமி ஏதோ ஒரு விஷத்தைச் சுரக்க வேண்டும் என்று காக் ஊகித்தார். ஊகத்தை மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை.

காக்கின் சீடர்களில் ஒருவரான ரிச்சர்ட் பைபர் 1892-ல் வேறொரு கருத்தை வெளியிட்டார். விஷம் வெளியே சுரப்பதன்று. கிருமியின் உடலுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. கிருமி செத்துச் சிதையும்போதுதான் அது வெளிப்படுகிறது என்பது அவர் முடிவு. இவ்வகை விஷம் உண்டு என்பது மெய்யே. நோய்த்தடுப்புச் சாஸ்திரத்தில் பைபர் செய்த தொண்டும் மிகப் பெரிது. ஆனால் காலராவுக்குக் காரணம் இந்த விஷமே என்று கொண்டதால், ஆராய்ச்சி வழி தவறிப் போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் கிருமியைப் பிராணிகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தார்கள். பிராணிகள் செத்தது என்னவோ உண்மை; ஆனால் அவை பேதியால் சாகவில்லை! மனிதனிடம் காணும் நோய் வேறு, ஆராய்ச்சிக்கூடத்தில் காணும் சாவு வேறு என்பதைப் பொருட்படுத்தாமலே ஐம்பது அறுபது வருஷங்கள் கழிந்தன.

கரிபாட்டிக் கிராமத்துப் பையன்

சம்புநாத் தே 1915-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ம் தேதி, ஹூக்ளி ஜில்லாவில் கரிபாட்டி என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் சிறு வியாபாரி. செல்வம் உள்ள குடும்பமன்று. பையன் தன் படிப்பினாலேயே உபகாரச் சம்பளம் பெற்று ஹூக்ளி மோஸின் கலாசாலையிலும், பின்னர் கல்கத்தா வைத்தியக் கலாசாலையிலும் வாசித்து, 1939-ல் வைத்தியப் பட்டம் பெற்றான். 1942-ல் உஷ்ணதேச நோய்களுக்குரிய டிப்ளமாவும் பெற்ற தே, பதாலஜி என்னும் நோய்க்கூறு சாஸ்திரப் பகுதியில் துணை ஆசிரியராக அமர்ந்தார். அங்கே பேராசிரியர் திரிவேதியின்கீழ் ஆராய்ச்சியில் பழகினார்.

தேசம் சுதந்திரம் பெற்ற 1947-ம் வருஷத்தில் தே லண்டனுக்குச் சென்று, யூனிவர்ஸிடி காலேஜ் ஆஸ்பத்திரி வைத்தியப் பள்ளியில் ராய் காமெரான் என்னும் பேரறிஞரிடம் இரண்டு வருஷம் பயின்றார். அவருடன் சேர்ந்து தே ஆராய்ந்தவற்றுள் ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எதனால் என்பது. ஓர் உறுப்பின் சுவரைத் தாண்டி நீர் எவ்வாறு கசிகிறது என்று யோசித்துப் பழகிய அந்த மனத்துக்கு, காலரா நோயாளியின் குடலும் அதே கேள்வியின் மற்றொரு வடிவமாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

1949-ல் டாக்டர் பட்டத்துடன் திரும்பி வந்து, நீல்ரத்தன் சர்க்கார் வைத்தியக் கலாசாலையில் பதவி ஏற்றார். 1955-ல் கல்கத்தா வைத்தியக் கலாசாலையிலேயே பதாலஜி, கிருமி சாஸ்திரப் பகுதிக்குத் தலைவரானார். 1973-ல் ஓய்வு பெறும்வரை அப்பதவியில் இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையும் ஆஸ்பத்திரி வேலையும் போக எஞ்சிய நேரமே ஆராய்ச்சிக்கு உரியது. அந்நாளில் காலரா தலைகாட்டாத வருஷம் கல்கத்தாவில் கிடையாது. கேள்வி அவர் கண்ணெதிரே, வார்டு வார்டாகப் படுத்துக் கிடந்தது.

நூலால் கட்டிய குடல்

நோய் குடலில் நிகழ்கிறது. ஆதலின் அதைக் குடலில்தான் தேட வேண்டும். டாக்டர் தே செய்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் இவ்வளவு எளிய எண்ணத்தை முடிவுவரை பின்பற்றிச் சென்றவர் அவருக்கு முன் இல்லை. 1915-லேயே இதைப் போன்ற முயற்சி ஒன்று நடந்ததுண்டு. அது எவர் கவனத்தையும் கவராமல் மறைந்துபோயிற்று.

தம் சகாவான சாட்டர்ஜியுடன் சேர்ந்து 1953-ல் அவர் வெளியிட்ட பரிசோதனை வருமாறு. ஒரு முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனைகளிலும் நூலால் இறுகக் கட்டுவது. ரத்த ஓட்டம் கெடாது. ஆனால் அந்தத் துண்டுக்குள் எதுவும் புகவும் முடியாது, வெளியேறவும் முடியாது. அந்தச் சிறு பைக்குள் காலரா கிருமிகளை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு, மறுநாள் திறந்து பார்ப்பது. கிருமி செலுத்திய துண்டு நீர் நிரம்பி உப்பியிருந்தது. நீரும் நோயாளியின் பேதியையே ஒத்திருந்தது. கிருமி செலுத்தாமல் பக்கத்தில் கட்டி வைத்த துண்டோ, கட்டியபோது இருந்தவாறே சுருங்கிக் கிடந்தது.

இதற்கு வேண்டியவை ஒரு முயல், நூல், ஊசி, கத்தி, பொறுமை. லக்ஷக்கணக்கில் பணம் கொட்டி வாங்கும் யந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் காலராவை ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணால் காணும் முறை ஒன்று உலகத்துக்கு இதனால் கிடைத்தது. 1956-ல் டாக்டர் தேயும் அவர் சகாக்களும் இதே முறையைக் கொண்டு, நம் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கோலி என்னும் கிருமியிலும் சில வகைகள் இவ்வாறே நீரைப் பெருக்கும் என்று காட்டினார்கள். குழந்தைகளை வாட்டும் பேதி பலவற்றுக்கு விளக்கம் காண அது வழி திறந்தது.

விஷம் அகப்பட்டது

இனி எஞ்சியது ஒரே ஒரு படி. கிருமியைச் செலுத்தினால் நீர் பெருகுகிறது, சரி. ஆனால் பெருக்குவது உயிருள்ள கிருமியா, அது சுரக்கும் பொருளா? டாக்டர் தே கிருமிகளைத் திரவத்தில் வளர்த்து, அத்திரவத்தை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிந்த நீரே மிஞ்சிற்று. அதை முயலின் குடல் துண்டில் செலுத்தினார். குடல் முன்போலவே உப்பிற்று!

கிருமி அங்கே இல்லை. அதன் வேலை மட்டும் நடந்தது. எனவே, கிருமி உயிரோடிருக்கும்போதே ஒரு விஷத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. குடலின்மேல் அது வேலை செய்து நீரை வெளியேற்றுகிறது என்பது ஐயமற விளங்கிற்று. 1959-ம் வருஷம் மே மாதத்தில் 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகையில் இது வெளிவந்தது. கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கியது; அதன்மேல் ஒரே ஒரு பெயர். காக் தமது ஊகத்தை வெளியிட்டு எழுபத்தைந்து ஆண்டு சென்றபின், எந்த நகரத்தில் கிருமியைக் கண்டாரோ அந்த நகரத்திலேயே அவர் கேள்விக்கு விடை கிடைத்தது.

இதனால் விளைந்தது என்ன?

இந்த விஷம் வேலை செய்யும் விதத்தைப் பின்வந்தவர்கள் நன்கு விளக்கியிருக்கிறார்கள். அது ஆறு அங்கங்கள் கூடிய ஒரு புரதம். அவற்றுள் ஐந்து, ஒரே மாதிரியானவை, ஒரு வளையமாகக் கூடிக் குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவதே உள்ளே புகுந்து தீங்கு செய்வது. அது புகுந்ததும், உயிரணு தன் உப்பை அடக்கி வைக்கும் ஆற்றலை இழக்கிறது. உப்பு வெளியே பாய்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் பாய்கிறது. குடலின் சுவர் புண்ணாவதில்லை, உரிந்து விழுவதில்லை. திறந்துவிட்ட மதகு போல ஆகிவிடுகிறது, அவ்வளவே.

சுவர் கெடவில்லை என்பது மிக முக்கியமான செய்தி. உப்பையும் சர்க்கரையையும் தக்க அளவில் நீரில் கரைத்துக் கொடுத்தால், சர்க்கரையோடு சேர்ந்து உப்பும் நீரும் உட்புகும் வழி ஒன்று குடலில் விஷத்தால் கெடாமலே இருக்கிறது. வேறு ஆராய்ச்சியாளர் வேறு வழியில் கண்ட சிகிச்சை இது. ஆனால் அது ஏன் பலிக்கிறது என்பதற்கு விளக்கம், விஷம் செய்வது இன்னது, செய்யாதது இன்னது என்ற அறிவிலேதான் இருக்கிறது. 1971-ல் கிழக்கு வங்காள அகதிகள் லக்ஷக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, வனகாவ் என்னுமிடத்தில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் இந்த உப்புச் சர்க்கரை நீரையே பெரிதும் நம்பிச் சிகிச்சை செய்தார். முகாம்களில் நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, அதனால் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

நோய்த்தடுப்பு விஷயத்திலும் இக்கண்டுபிடிப்பு ஒரு பழைய எண்ணத்தை அசைத்தது. நம் திருவிழாக்களிலும் தீர்த்த யாத்திரைகளிலும் கையில் குத்திய காலரா ஊசியை முதியோர் மறந்திரார். அது செத்த கிருமிகளால் ஆனது. கிருமியின் உடலுக்கு எதிரான பொருள்களை அது ரத்தத்தில் உண்டாக்கும். ஆனால் போர் நடக்கும் இடமோ குடலின் உட்பரப்பு. போரில் ஆயுதமோ கிருமி சுரக்கும் விஷம். ஊசியால் நோய் பரவுவதைத் தடுக்க இயலவில்லை என்று கண்டு, 1973-ல் உலக சுகாதார மகாசபை, பிரயாணிகள் காலரா ஊசிச் சான்று காட்ட வேண்டும் என்ற விதியை நீக்கிவிட்டது. பின்னர் ஸ்வீடன் தேசத்து ஜான் ஹோம்கிரேன் முதலியோர், விஷத்தின் தீங்கற்ற அங்கங்களை மட்டும் பிரித்து, கொன்ற கிருமிகளோடு சேர்த்து, வாயால் அருந்தும் மருந்தாகச் செய்தார்கள். அது குடலுக்கே நேராகச் சென்று அங்கே எதிர்ப்புச் சக்தியை எழுப்புகிறது. 1985-ல் வங்காள தேசத்து மத்லாப் என்னும் இடத்தில் கிராமவாசிகளிடையே அது சோதிக்கப்பட்டது. விஷம் என்று ஒன்று இருப்பதே தெரியாத வரையில், இத்தகைய மருந்தை எவர் எண்ணியிருக்க முடியும்?

கௌரவம் வராத கதை

இத்தனைக்கும் காரணமானவரை நாம் எவ்வாறு போற்றினோம்? இதைச் சொல்லத்தான் மனம் கூசுகிறது. டாக்டர் தே 1961-ல் காலராவைப் பற்றிய தமது ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். விஷத்தைக் கலப்பின்றிப் பிரித்தெடுக்கவும் முயன்றார். அதற்கு வேண்டிய சாதனங்கள் அவர் கலாசாலையில் இல்லை. முயலும் நூலும் கொண்டு செய்யக்கூடியதை அவர் செய்து முடித்துவிட்டார். அடுத்த படிக்குத் தேசம் கை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பிங்கெல்ஸ்டீன் என்பவரும் அவர் சகாவும் 1969-ல் அக்காரியத்தைச் சாதித்தார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் தொடங்கிய கையே முடித்திருக்கக் கூடிய வேலை அது என்பதை எண்ணும்போது வருந்தாமல் இருக்க முடியவில்லை.

நம் தேசத்து விஞ்ஞானக் கழகம் ஒன்றுகூட அவரைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்துகொள்ளவில்லை. பெரிய பரிசு எதுவும் அவருக்கு இங்கே அளிக்கப்படவில்லை. நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க், அப்பரிசுக்கே டாக்டர் தேயின் பெயரை ஒருமுறைக்கு மேல் பிரேரேபித்தார். 1978-ல் ஸ்டாக்ஹோம் நகரில் நோபெல் ஸ்தாபனம் காலரா பற்றி ஒரு விசேஷ மகாநாடு கூட்டி, அவரை அழைத்துக் கௌரவித்தது. அங்கே பேசிய டாக்டர் தே, தாம் 1960-களின் தொடக்கத்திலேயே இறந்துபோனவர் என்றும், இந்த மகாநாட்டார் தம்மைத் தோண்டி எடுத்தார்கள் என்றும், இங்கே கழித்த இரண்டு நாட்களில் மீண்டும் உயிர் வருவது போல் இருக்கிறது என்றும் கூறினாராம். அறுபத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் அந்நிய தேசத்துச் சபையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைதான் இது. ஆயினும் அதைப் படிக்கும் இந்தியர் எவரும் தலை குனியாமல் இருக்க முடியாது.

1985-ம் வருஷம் ஏப்ரல் 15-ம் தேதி அவர் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, 1990-ல், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் ஸயன்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகை அவர் நினைவாகத் தனி இதழ் ஒன்று வெளியிட்டது. அதிலே நம்மவர்களே இந்தப் புறக்கணிப்பைக் குறித்து வெளிப்படையாக வருந்தி எழுதினார்கள்.

நாம் செய்யத் தக்கது

வெளிநாட்டார் மெச்சிய பிறகே நம்மவரை நாம் மெச்சுகிறோம் என்பது பழைய குறை. டாக்டர் தேயின் விஷயத்தில் அதையும் மிஞ்சிவிட்டோம். வெளிநாட்டார் மெச்சிய பிறகும் சும்மா இருந்தோம்! இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று நாம் கருதவில்லை. பெரிய ஸ்தாபனங்களிலிருந்தும் தலைநகரிலிருந்தும் வருவதே ஆராய்ச்சி என்றும், பாடம் சொல்லும் ஆசிரியர் பாடம் மட்டுமே சொல்பவர் என்றும் ஒரு நினைப்பு நம்மிடம் ஊறியிருக்கிறது. கண்டுபிடிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோமே ஒழிய, என்ன கண்டார் என்று கேட்பதில்லை.

காலரா ஒழிந்துவிடவும் இல்லை. 1961-ல் இந்தோனேஷியாவில் கிளம்பிய ஏழாவது அலை இன்னும் ஓயவில்லை. வருஷந்தோறும் உலகில் பதின்மூன்று லக்ஷம் முதல் நாற்பது லக்ஷம் பேர் வரை இந்நோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. நல்ல குடிநீரும் சுத்தமான சாக்கடையும் உள்ள ஊரில் அது கால் ஊன்றுவதில்லை. ஏழையின் குடிசையில்தான் அது இன்று தங்கியிருக்கிறது. ஆதலின் இவ்வாராய்ச்சி பழங்கதையன்று.

பெற்றோர்களுக்கும் நம் சக ஆசிரியர்களுக்கும் நாம் கூற விரும்புவது ஒன்று. காக்கைப் பற்றிச் சொல்லும் அதே பாடத்தில் டாக்டர் தேயைப் பற்றியும் சொல்லுங்கள். நம்மவர் என்ற பெருமைக்காக மட்டும் அன்று. உயர்ந்த கருவிகள் இல்லாத இடத்திலும், கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்கு அவரினும் நல்ல உதாரணம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது.

நம் கலாசாலைகளை நடத்துவோர்க்கும், விஞ்ஞானக் கழகங்களில் அமர்ந்திருப்போர்க்கும் கூற வேண்டியது வேறு. ஏதேனும் ஒரு ஜில்லாக் கலாசாலையில், பாடம் முடிந்த பிறகு விளக்கை அணைக்காமல் வேலை செய்துகொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவர் இன்றும் இருக்கக்கூடும். அவருக்கு எந்தக் கருவி இல்லை என்று இப்போதே சென்று கேளுங்கள். இறந்த பிறகு வெளியிடும் நினைவு மலரைக் காட்டிலும் அது அவருக்கும் பயன்படும், தேசத்துக்கும் பயன்படும்.